மேகலா, ஒரு நம்பர், திரும்பி வர வேண்டியது

குவாமே ஓபிரி என்ற கானா நாட்டுக் கால்பந்து வீரனின் வாழ்க்கையை முழுமையாக அறிந்தவர்கள் இந்த உலகில் மூன்று பேர். முதலாமவர் அவனைப் பெற்ற தாய். இரண்டாமவர் அவனுடைய ஏஜென்ட். மூன்றாமவர், மூக்கண்டப்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியின் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட் பாஸ் எழுதிய மேகலா. தாய்க்குத் தேதிகள் மறந்துபோகும். ஏஜென்டுக்குத் தனக்கு ஆதாயம் இல்லாத வருடங்கள் மறந்துபோகும். ஆகவே நம்பகமான தகவல் வேண்டுபவர்கள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேகலாவின் வரலாறு நாற்காலிக்கு முன், நாற்காலிக்குப் பின் என இரண்டு காலங்களாகப் பிரிகிறது. இருபத்து மூன்று வயதில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தவள் ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். பேக்கிங்கில் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதிப் போடவில்லை. உட்கார ஒன்றும் போடவில்லை, அவ்வளவுதான். பத்தாவது வருடம் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போக, கையெழுத்து அழகாக இருக்கிற ஒரே காரணத்துக்காக மேகலாவை அந்த இடத்தில் போட்டார்கள். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. நீல ரெக்சின். ஐந்து சக்கரத்தில் ஒன்று கிடையாது. வலது பக்கம் சுற்றும், இடது பக்கம் சுற்றாது. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கம்பெனி பஸ் ஓட்டும் தன் கணவன் சிவராஜிடம், "இன்னைக்கு எட்டு மணி நேரம் உக்காந்தேங்க" என்றாள்.

உட்கார்ந்தே சம்பாதிக்கிறவனுக்கு அந்த வாக்கியத்தின் கனம் விளங்கவில்லை. "நான் தெனமும் அதானே பண்றேன்" என்றான். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லாமல் போனது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

கேட் பாஸைச் சாதாரணக் காகிதமாக நினைப்பவர்கள் தொழிற்பேட்டைக்கு வெளியே வாழும் பாக்கியசாலிகள். கம்பெனியிலிருந்து ஒரு நட்டு வெளியே போனாலும் சீட்டு வேண்டும். சீட்டு இரண்டு வகை. விற்றதும் கழித்ததும் போவது வெள்ளைச் சீட்டில்; போனால் போனதுதான். முலாம் பூச, பழுது பார்க்க, உலையில் வைத்துப் பதப்படுத்த என்று வெளிப் பட்டறைகளுக்குப் போவது ரோஸ் சீட்டில். அது திரும்பி வந்தாக வேண்டும். பொருளின் பெயர், எத்தனை நம்பர் என்ற எண்ணிக்கை, எங்கே, எதற்கு, என்ன நிலையில் போகிறது, திரும்பி வர வேண்டிய தேதி எது என்று அத்தனையும் அதில் உண்டு. மூன்று நகல். ஒன்று பொருளோடு போகும், ஒன்று ஸ்டோர்ஸில் இருக்கும், ஒன்று கேட்டில் செக்யூரிட்டி நாராயணப்பனிடம் இருக்கும். போனவற்றில் பாதி, தேதி தாண்டியும் திரும்பாது. அவற்றைப் போனில் துரத்திப் பிடித்து வரவழைப்பதுதான் மேகலாவின் உத்தியோகம்.

எட்டு வருடங்களுக்கு முன் பெல்ஜியம் நாட்டு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒருவர் தணிக்கைக்கு வந்தார். போகும்போது பன்னிரண்டு டப்பா சாக்லேட்டும், தன் ஊர்க் கால்பந்து கிளப்பின் காலண்டர் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். சாக்லேட் பன்னிரண்டும் எந்தச் சீட்டும் இல்லாமல் மேனேஜர் ராஜேஷ்குமாரின் அறையிலிருந்து எப்படி வெளியேறின என்பது இன்றுவரை விளங்காத மர்மம். காலண்டரை யாரும் சீண்டவில்லை. அதில் ராகு காலம் போட்டிருக்கவில்லை. மேகலா எடுத்துக்கொண்டாள். தேதிக் கட்டங்கள் பெரிதாக இருந்தன. அன்றன்று திரும்ப வேண்டிய சாமான்களை எழுதி வைக்க வசதி.

மார்ச் மாதத்துக்கு மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் இருந்தான். பத்தொன்பது வயது. மற்ற மாதத்து வீரர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார்கள். இவன் மட்டும், போட்டோக்காரருக்குப் பின்னால் தெரிந்தவர் யாரோ நிற்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தான். மார்ச் என்பது கணக்கு முடிக்கிற மாதம். வராத பொருளை எல்லாம் திட்டித் தீர்த்து வரவழைக்கிற மாதம். அந்த மாதம் முழுக்க அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே மேகலா திட்டினாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் போனில் போட்டுத் தேடினாள். பார்த்தால், ஆள் அந்தக் கிளப்பிலேயே இல்லை. காலண்டர் அச்சாகி ஓசூர் வந்து சேர்வதற்குள், நெதர்லாந்தில் ஒரு இரண்டாம் நிலைக் கிளப்புக்கு ஒரு சீசனுக்கு லோனில் அனுப்பியிருந்தார்கள்.

இந்த லோன் விவகாரம் ஐரோப்பியக் கால்பந்தைக் கரைத்துக் குடித்தவர்களையே சில நாள் குழப்பும். ஆள் ஒரு கிளப்புக்குச் சொந்தம்; ஆடுவது வேறொரு கிளப்புக்கு; சீசன் முடிந்ததும் முதல் கிளப்புக்குத் திரும்பி வர வேண்டும். மேகலாவுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. "ரோஸ் சீட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அச்சுக் கோணலால் ஒதுக்கி வைத்திருந்த ரோஸ் சீட்டுப் புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் முதல் சீட்டை எழுதினாள். பொருள்: குவாமே ஓபிரி. எண்ணிக்கை: ஒன்று. அனுப்புவது: மஞ்சள் கிளப். எதற்கு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, "பதப்படுத்த" என்று போட்டாள். நிலை: நன்று. திரும்பி வர வேண்டிய தேதி: ஜூன் முப்பது.

ஜூன் முப்பதில் அவன் திரும்பி வந்தான். முலாம் கடைக்காரர்கள் செய்யாததை ஒரு கானாக்காரன் செய்தான் என்பதே மேகலாவின் முதல் பிரமிப்பு.

ஆனால் வந்தவன் பையைப் பிரித்து வைப்பதற்குள் ஆகஸ்டில் டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். பனியில் ஆடிய முதல் ஆட்டத்தைப் பற்றி நிருபர்கள் கேட்டபோது, தரை வெள்ளை, எதிராளிகளின் சட்டை வெள்ளை, மைதானத்தில் கண்ணுக்குத் தெரிந்தது தான் ஒருவன்தான், அதனால் எல்லோரும் தன்னையே உதைத்தார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறான். அங்கே ஒன்பது கோல். திரும்பி வந்தான். அடுத்தது ஆஸ்திரியா, முழங்கால் பிசகி ஏழு மாதம் படுத்தான். நிலை என்ற கட்டத்தில் மேகலா "ரீவொர்க்" என்று எழுதியது அந்த ஒரு வருடம்தான். பிறகு போர்ச்சுகல், சைப்ரஸ், பெல்ஜியத்திலேயே கீழ் வரிசைக் கிளப் ஒன்று. போன இடத்தில் எல்லாம் கோல் அடித்தான். போன இடத்துப் பாஷையில் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டான். வருடா வருடம் சீசன் முடிந்ததும் திரும்பி வந்து, மஞ்சள் கிளப்பின் பயிற்சிக்கு முதல் ஆளாக நின்றான். எட்டு வருடத்தில் சொந்தக் கிளப்புக்காக அவன் களத்தில் இருந்தது மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு நிமிடம். மேகலா கூட்டி வைத்திருக்கிறாள்.

"வருஷத்துக்கு ஒரு சட்டை, ஒரு பாஷை, ஒரு சோறு" என்று ஒருநாள் சிவராஜிடம் சொன்னாள். "ஒருநாள்கூட மூஞ்சி சுளிக்கலீங்க அவன். என்ன மனுசன்னு தெரியல."

சிவராஜ் தானும் வருடத்துக்கு ஒரு பஸ் ஓட்டுவதாக நினைவுபடுத்திப் பார்த்தான். அந்த ஒப்பீடு ஏற்கப்படவில்லை.

மூன்றாவது வருடம்தான் மேகலாவுக்கு இன்னொன்று தெரிந்தது. அவன் ஊர்ப் பக்கம் பிறந்த கிழமையையே பெயராக வைப்பார்களாம். குவாமே என்றால் சனிக்கிழமை பிறந்த ஆண். கல்யாணமானதிலிருந்து சனிக்கிழமை பெருமாளுக்கு ஒருபொழுது இருப்பவளுக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. ஆட்டமும் பெரும்பாலும் சனிக்கிழமை, நம் நேரத்துக்கு ஏழரை மணிக்கு. சனிக்கிழமை, ஏழரை என்ற இரண்டு வார்த்தைகளையும் அவள் சேர்த்துச் சொன்னபோதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விரதம் பெருமாளுக்கு, பலன் குவாமேவுக்கு என்று ஒரு ஏற்பாட்டை அவள் தன்போக்கில் செய்துகொண்டாள். பெருமாள் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

அவளுடைய புகழ் தொழிற்பேட்டையைத் தாண்டியது போர்ச்சுகல் வருடத்தில். ஜூலை பத்தாம் தேதி ஆகியும் அவன் மஞ்சள் கிளப்புக்குத் திரும்பியதாக எந்தச் செய்தியிலும் காணோம். மேகலாவின் கை தானாக வேலை செய்தது. தாமதமாகும் பட்டறைகளுக்கு அனுப்பும் நினைவூட்டல் கடிதத்தை எடுத்து, பொருள் என்ற இடத்தில் குவாமே ஓபிரி என்று போட்டு, "மேற்படி பொருள் குறித்த தேதிக்குள் வந்து சேர்ந்ததா என்பதை உடனடியாக உறுதி செய்யவும்" என்ற வழக்கமான வரியோடு, கம்பெனி மெயிலிலிருந்தே மஞ்சள் கிளப்பின் ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. கிளப் ஆபீசில் யாரோ ஒரு அம்மாள் எழுதியிருந்தார்: மேற்படி பொருள் ஊரில் தாயைப் பார்த்துவிட்டு ஜூலை பன்னிரண்டில் பத்திரமாக வந்து சேர்ந்தது, எண்ணிக்கை சரி, நிலை நன்று, லேசாகச் சளி பிடித்திருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி. கீழே கையெழுத்தும் முத்திரையும்கூட இருந்தன. நாலு கிலோமீட்டரில் இருக்கிற முலாம் கடைக்காரர் பதினோரு வருடத்தில் ஒரு கடிதத்துக்கும் பதில் போட்டதில்லை. ராஜேஷ்குமார் அந்தப் பதிலை மூன்று முறை படித்துவிட்டு, இனிமேல் கம்பெனி மெயிலை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தார். அதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றிருந்தார் என்பதைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படி இருக்கையில்தான், இந்த வருடம் மார்ச் கடைசியில், ராஜேஷ்குமார் மேகலாவைக் கூப்பிட்டார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி, கம்பெனியின் இரண்டாவது யூனிட்டில் ஸ்டோர்ஸ் குப்பையாகக் கிடக்கிறது. ஆறு மாதம் போய் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். தற்காலிகம்தான். இங்கே அவள் இடத்தைப் பாலாஜி பார்த்துக்கொள்வார். பாலாஜி எம்.பி.ஏ. படித்தவர், கேட் பாஸ் எழுதுவதற்கு அது போதாது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தற்காலிகமாக யூனிட் டூவுக்குப் போனவர்களின் சரித்திரம் மேகலாவுக்குத் தெரியும். கேன்டீன் சூப்பர்வைசர் மூன்று மாதத்துக்கு என்று போனார். இப்போது பேரனை அங்கேயே பள்ளியில் சேர்த்திருக்கிறார். டூல் ரூமிலிருந்து போனவரின் மேஜையில் இங்கே தண்ணீர் கேன் வைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது கேனை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை. போனால் நாற்காலி போய்விடும். ஒன்பது வருடம் நின்று வாங்கியது.

அன்று சாயங்காலம் அவள் ரோஸ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு சீட்டுகளையும் புரட்டினாள். ஏழாவதும் இருந்தது, அந்தச் சமயம் அவன் பெல்ஜியத்திலேயே நீலச் சட்டைக் கிளப் ஒன்றுக்கு ஏழாவது முறையாக லோனில் போயிருந்தான். ஆறு முறை போனான், ஆறு முறையும் திரும்பி வந்தான். எதனால்? சீட்டில் தேதி இருந்ததால். தேதி போட்டுப் போனது திரும்பும்; வாய்வார்த்தையாகப் போனது தண்ணீர் கேனாகும். இதற்கு மேல் ஒரு சட்டநுணுக்கத்தை உயர்நீதிமன்றமும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் அவள் ராஜேஷ்குமாரின் மேஜையில் ஒரு ரோஸ் சீட்டை வைத்தாள். இது கோணல் புத்தகத்துச் சீட்டு இல்லை. கம்பெனியின் அசல் சீட்டு, வரிசை எண்ணோடு. பொருள்: மேகலா. எண்ணிக்கை: ஒரு நம்பர். அனுப்புவது: யூனிட் ஒன்று. பெறுவது: யூனிட் இரண்டு. எதற்கு: ஸ்டோர்ஸ் ஒழுங்குபடுத்த. நிலை: நன்று. திரும்பி வர வேண்டிய தேதி: செப்டம்பர் முப்பது.

"ஏம்மா, ஏப்ரல் ஒண்ணா இன்னைக்கு?" என்றார் ராஜேஷ்குமார்.

"கேட்டைத் தாண்டுற எதுக்கும் சீட்டு வேணும்னு நீங்கதான் சார் போர்டு எழுதிப் போட்டீங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்புக்கு அவர் பின்னால் கொடுத்த விலையை வரலாறு அறியும்.

கேட்டில் நாராயணப்பன் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் சீட்டுப் பார்த்த கண். சீட்டை மேலும் கீழும் படித்தார், மேகலாவை மேலும் கீழும் பார்த்தார், ஒன்று என்று எண்ணினார், முத்திரை குத்தினார், மூன்றாவது நகலைக் கிழித்துத் தன் கம்பியில் குத்தினார். "தேதிக்கு வந்துரும்மா" என்றார். "லேட்டானா ரெஜிஸ்தர்ல செவப்பு மையில எழுதணும். எனக்கு அது பிடிக்காது."

யூனிட் டூ பற்றிச் சொன்னதெல்லாம் குறைவு. வால்வுகளுக்கு நடுவில் கோலமாவு டப்பா இருந்தது. ரோஸ் சீட்டும் வெள்ளைச் சீட்டும் ஒரே பையில் கிடந்தன. உட்கார ஒரு ஸ்டூல். அங்கே வேலை பார்த்த பெண்கள் பாதிப் பேர் கன்னடம், மீதிப் பேர் தெலுங்கு, எல்லோரும் தமிழ். எந்த வாக்கியம் எந்தப் பாஷையில் முடியும் என்று ஆரம்பிக்கிறவருக்கே தெரியாது. முதல் வாரம் மேகலா குவாமேவை நினைத்துக்கொண்டாள். அவன் டேனிஷ் கற்றுக்கொண்டான். அவளுக்கு இருந்தது "ஆய்த்து", "பேக்கு", "பேடா" மட்டும்தான், வேலை முடிந்தது, வேண்டும், வேண்டாம். ஸ்டோர்ஸ் நடத்த அது போதும் என்று ஒரே மாதத்தில் நிரூபித்தாள். மூன்றாவது மாதம், காணாமல் போனதாக எழுதித் தள்ளிய நாற்பது அச்சுகளில் முப்பத்தாறைப் பட்டறை பட்டறையாகப் போய்த் தூக்கி வந்தாள். அங்கத்து மேனேஜர் அருணா, மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தன் ஸ்டோர்ஸின் தரை என்ன நிறம் என்று பார்த்தார்.

இன்னொரு லாபமும் இருந்தது. யூனிட் டூ பஸ்ஸை ஓட்டுவது சிவராஜ். இருபது வருடக் கல்யாணத்தில் தினமும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவது இதுதான் முதல்முறை. அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும்போது அவன் கண்ணாடியில் பார்த்து, "உன் சனிக்கிழமைக்காரன் என்ன பண்றான்?" என்று கேட்பான். பஸ்ஸில் உள்ள நாற்பது பேரும் பதிலுக்குக் காத்திருப்பார்கள். மூன்றே மாதத்தில் அந்தப் பஸ் முழுவதும் பெல்ஜியக் கால்பந்தில் தேறியது.

ஜூனில் அந்தச் செய்தி வந்தது. நீலக் கிளப் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. மஞ்சள் கிளப்பிடமிருந்து நிரந்தரமாக வாங்கிக்கொண்டுவிட்டது.

மேகலா இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஏழாவது சீட்டில் திரும்பி வந்த தேதி என்ற கட்டம் காலியாகவே நின்றது. தேதி போட்டுப் போனவன், சொன்ன சொல் தவறாதவன், அவனுக்கே இப்படி என்றால் செப்டம்பர் முப்பதை நம்பி உட்கார்ந்திருப்பவளின் கதி என்ன என்று யோசித்தாள். மூன்றாம் நாள் பெருமூச்சு விட்டு, சீட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, "வெள்ளைச் சீட்டாக மாற்றப்பட்டது" என்று எழுதினாள். ஒருவர் இறந்ததை எழுதுவதுபோல இருந்தது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை நீலமும் மஞ்சளும் மோதின. ஆட்டம் ஏழரைக்கு. பெருமாளுக்குத் தளிகை போட்டு, படையல் முடித்து, ஸ்டாண்டில் போனை நிறுத்திவிட்டு மேகலா தரையில் உட்கார்ந்தாள். சிவராஜ் வடையோடு பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டம் மஞ்சள் கிளப்பின் மைதானத்தில். காலண்டர் படம் எடுத்த அதே புல்.

எழுபத்தோராவது நிமிடம். இடது ஓரத்தில் பந்து வந்தது. குவாமே அதைக் காலில் வாங்கினான், ஒருவனைக் கடந்தான், இரண்டாமவன் விழுந்தான், கோல்கீப்பர் எந்தப் பக்கம் என்று முடிவெடுப்பதற்குள் பந்து வலையில் இருந்தது. எட்டு வருடம், ஏழு ஊர், ஒரு முழங்கால், எல்லாம் சேர்ந்து அந்த ஒரு உதை. நீலச் சட்டைக்காரர்கள் கத்திக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்தார்கள்.

அவன் ஓடவில்லை. குதிக்கவில்லை. சட்டையைக் கழற்றிச் சுழற்றவில்லை. மஞ்சள் ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, இரண்டு கையையும் மார்புக்கு நேராகச் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்து நின்றான். ஓடி வந்தவர்கள் அவனைத் தொட்டுவிட்டு அடங்கிப்போனார்கள். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடாமல் நிற்பது அந்த ஊர்களில் ஒரு மரியாதை என்று வர்ணனையாளர் சொன்னார். பிறகு மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து கை தட்டினார். பிறகு அந்தப் பக்கம் முழுக்க எழுந்து நின்று தட்டியது.

மேகலாவின் வடை கையிலேயே ஆறிப்போனது. "அவங்களையே அடிச்சிருக்கான்" என்றாள் மெதுவாக. "ஆனா குதிச்சு ஆடல பாருங்க."

சிவராஜ் அந்த ஒருமுறை தன்னோடு எதையும் ஒப்பிடவில்லை.

திங்கட்கிழமை பஸ் யூனிட் ஒன்று கேட்டில் ஆள் ஏற்ற நின்றபோது, மேகலா இறங்கி நாராயணப்பனிடம் அந்த நிமிடத்தைப் போனில் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். யார் என்ன என்று கேட்கவில்லை. "வளர்ந்த எடத்த மறக்கல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னுது முப்பதாம் தேதி" என்றார்.

முப்பதாம் தேதி வந்தது. போனது. யூனிட் ஒன்றிலிருந்து ஒரு போன் இல்லை. மேகலாவே கூப்பிட்டாள், ராஜேஷ்குமார் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளும் மீட்டிங்கில் இருந்தார். ஒரு வாரம் அவர் மீட்டிங்கை விட்டு எழவே இல்லை. நாராயணப்பன் தன் ரெஜிஸ்தரில் சிவப்பு மையில் எழுதினார். அன்று அவர் டீ குடிக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

அக்டோபர் நடுவில் பெல்ஜியக்காரர்கள் மறுபடி தணிக்கைக்கு வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன் கம்பெனி தன்னைத்தானே தணிக்கை செய்துகொள்ள வேண்டும். ஒரு யூனிட் ஸ்டோர்ஸை இன்னொரு யூனிட் ஸ்டோர்ஸ்காரர் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர் ராஜேஷ்குமார். யூனிட் ஒன்றைத் தணிக்கை செய்ய யூனிட் இரண்டிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும், அங்கே ஸ்டோர்ஸில் இருப்பது யார் என்பதை யோசித்துப் பார்க்க அவருக்கு மீட்டிங்குகளுக்கு நடுவில் நேரம் கிடைக்கவில்லை.

புறப்படும் காலையில் அருணா மேகலாவின் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே ஒரு கடிதம்: யூனிட் டூவிலேயே இருந்துவிட்டால் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பதவி. அவசரமில்லை, யோசித்துச் சொல்லலாம் என்றார். மேகலா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் மனம் முழுக்க மூக்கண்டப்பள்ளியில், வலது பக்கம் மட்டும் சுற்றுகிற ஒரு நாற்காலியில் இருந்தது.

ஸ்டோர்ஸில் பாலாஜி எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனிதர். நாற்காலிக்குக் குஷன் போட்டிருந்தார். காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் ஒரு வண்ண விளக்கப்படம் இருந்தது. கேட் பாஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார். மேகலா நின்றுகொண்டே பார்த்தாள். மதியத்துக்குள் கணக்குத் தெளிவாகிவிட்டது: தேதி தாண்டியும் திரும்பாத ரோஸ் சீட்டுகள் நாற்பத்து மூன்று. நாற்பத்து இரண்டு வெளிப் பட்டறைகளில் கிடந்தன. நாற்பத்து மூன்றாவது சீட்டைக் கையில் எடுத்தபோது அவளுடைய கையெழுத்தே அவளைப் பார்த்தது.

பாலாஜி தலையைச் சொறிந்தார். அது எந்தப் பட்டறை என்று தெரியாமல்தான் விட்டுவைத்ததாகச் சொன்னார்.

மூன்று மணிக்கு முடிவுரைக் கூட்டம். மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். மேகலா ஒவ்வொன்றாகப் படித்தாள். குரலை உயர்த்தவில்லை. எந்த இடத்திலும் பாலாஜியின் பெயரைச் சொல்லவில்லை. "சீட்டு" என்றே சொன்னாள். கடைசிக்கு வந்தாள். தேதி தாண்டிய ரோஸ் சீட்டு ஒவ்வொன்றும் திரும்பப் பெற்றதாக எழுதப்பட வேண்டும், அல்லது மேனேஜர் காரணம் எழுதி வெள்ளைச் சீட்டாக மாற்ற வேண்டும். இதுவும் ராஜேஷ்குமார் எழுதிய விதிதான்.

அவர் நாற்பத்து மூன்றாம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே தன் கையெழுத்து இருந்ததால் தப்பிக்க வழியில்லை.

"இதுக்கு என்னம்மா எழுதறது?"

"பொருள் இப்ப எங்க இருக்குன்னு எழுதணும் சார்."

"இதோ எதிர்லதானே உக்காந்திருக்குது."

"அப்ப வந்துருச்சுன்னு எழுதுங்க. எடத்துல வச்சுருங்க."

அறையில் எல்லோரும் பாலாஜியைப் பார்த்தார்கள். பாலாஜி பாதி எழுந்துவிட்டார். ராஜேஷ்குமார் பேனாவைத் திறந்தார். தணிக்கை வருகிற மாதத்தில் ஒரு நாற்காலிக்காகச் சண்டை போட அவர் தயாராக இல்லை. திங்கட்கிழமை வந்து உட்காரச் சொல்லி முணுமுணுத்தார்.

ஆறு மாதமாக அவள் ஆசைப்பட்டது அதுதான். பந்து வலையில் கிடந்தது. ஆனால் அந்த நேரத்தில் மேகலாவுக்கு நினைவுக்கு வந்தது நாற்காலி இல்லை. மஞ்சள் கிளப்பின் மைதானத்தில், கோல் அடித்துவிட்டு, நீலச் சட்டையில் தலைகுனிந்து நின்றவன். திரும்பி வந்து வந்து நின்றவரைக்கும் அவனுக்கு அந்த மைதானத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நிமிடம்தான் கிடைத்தது. எழுந்து நின்று கை தட்டியது, அவன் வெள்ளைச் சீட்டில் போன பிறகு. அவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது. அருணாவின் கடிதம் இருந்த கைப்பையைத் தொட்டுக்கொண்டு, சுற்றி இருந்த எட்டு முகங்களையும் பார்த்தாள். பேனா இன்னும் காகிதத்தைத் தொடவில்லை.

"சார், வெள்ளைச் சீட்டாவே போட்டுருங்க" என்றாள். "எண்ணிக்கைய மட்டும் ரெண்டுன்னு மாத்திக்கங்க."

"ரெண்டா?"

"நான் ஒண்ணு. நாற்காலி ஒண்ணு."

"அதுல ஒரு சக்கரம் இல்லியேம்மா" என்றார் ராஜேஷ்குமார், கிட்டத்தட்ட அனுதாபமாக.

"நெலமைன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க சார். அதுல எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். இம்முறை சிரிக்கவில்லை.

ஐந்தரைக்கு பஸ் கேட்டில் நின்றது. சிவராஜ் நாற்காலியைத் தலைமேல் தூக்கி வந்து, தன் சீட்டுக்குப் பின்னால், கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான். குஷனைப் பாலாஜியிடமே கொடுத்தாயிற்று. அது சீட்டில் இல்லை. நாராயணப்பன் சீட்டைப் படித்தார். நாற்காலியை எண்ணினார், ஒன்று. மேகலாவை எண்ணினார், ஒன்று. சக்கரத்தைக் குனிந்து எண்ணினார், நான்கு. சரி என்று முத்திரை குத்தினார். பிறகு தன் கம்பியிலிருந்து பழைய ரோஸ் நகலை உருவி, ரெஜிஸ்தரில் சிவப்பு மையில் எழுதியிருந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

ஸ்டோர்ஸ் ஜன்னலில் பாலாஜி நின்றிருந்தார். பேக்கிங் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள், நின்றபடி. நாற்பத்து மூன்று குற்றம் கண்டுபிடித்தவள் கடைசியாக என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

மேகலா அந்தப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் மார்புக்கு நேராகச் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

பேக்கிங் பெண்கள் அவள் விடைபெறுகிறாள் என்று நினைத்துக் கையாட்டினார்கள். பாலாஜி பதிலுக்குக் கும்பிட்டார். அவர்களுக்குக் கால்பந்து தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாராயணப்பன் மட்டும் முத்திரையைக் கீழே வைத்தார். ஸ்டூலிலிருந்து எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பஸ் திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்வரை, தனி ஆளாக நின்று கை தட்டினார்.